காலியாகும் ஆலயங்கள்: கைதட்ட என்ன இருக்கிறது?



நம்முடைய பொதுக்கூட்ட மேடைகளில் அடிக்கடி காதில் விழும் செய்தி ஒன்று உண்டு. ‘ஐரோப்பாவில் சர்ச்சுகள் காலியாகிக் கொண்டிருக்கின்றன! பல சர்ச்சுகள் விலைக்கு வந்துவிட்டன! அவற்றை வாங்கிப் பள்ளிவாசல்களாக மாற்றிக் கொண்டிருக்கிறார்கள்!’ என்று பேச்சாளர் குரலை உயர்த்துவார். கூட்டத்திலிருந்து தக்பீர் முழக்கம் எழும். பேச்சாளரும் திருப்தியோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

செய்தி பொய்யல்ல. ஆனால் அது பாதிச் செய்தி. மூடப்பட்ட சர்ச்சுகளில் பள்ளிவாசலானவை மிகச் சில. மற்றவை வீடுகளாகவும், மதுக்கூடங்களாகவும், கேளிக்கை அரங்குகளாகவும் மாறின. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பழைய சர்ச் ஒன்று பாறை ஏறும் பயிற்சிக் கூடமாகவே ஆகிவிட்டது. இறைவனின் பெயர் சொல்லப்பட்ட இடத்தில் இன்று இளைஞர்கள் கயிற்றைப் பிடித்துக் கொண்டு சுவர் ஏறுகிறார்கள். இதில் நாம் முழக்கமிட என்ன இருக்கிறது?

மடங்களும், கிறிஸ்தவ ஆலயங்களும், யூத ஆலயங்களும், பள்ளிவாசல்களும் இறைவனின் திருநாமம் அதிகமாக நினைவுகூரப்படும் இடங்கள் என்று நம் வேதம் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது. அவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதை இறைவனின் ஏற்பாடு என்று சொல்கிறது. அப்படியிருக்க, அடுத்தவர் ஆலயம் ஆளில்லாமல் கிடப்பதை நம் வெற்றிக் கணக்கில் எழுதிக் கொள்வது எப்படிச் சரியாகும்? அங்கிருந்து வெளியேறியவர்கள் நம் பக்கம் வந்துவிட்டார்களா? இல்லையே! அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தப் பக்கமும் போகவில்லை. வீட்டில் இருக்கிறார்கள். கடைத்தெருவில் இருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் காரணம் சர்ச்சுகளோடு நின்றுவிடும் காரணம்தானா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

ஒரே கட்டடம், மூன்று சமயங்கள்

இலண்டனின் கிழக்குப் பகுதியில் பிரிக் லேன் என்றொரு தெரு இருக்கிறது. அங்குள்ள ஜாமே மஸ்ஜித் 1976ல் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது. வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் போன மக்கள், காசு சேர்த்து வாங்கிய இடம்.

ஆனால் அந்தக் கட்டடத்தின் வயது அதைவிடப் பெரியது. அது எழுப்பப்பட்டது 1743ல். எழுப்பியவர்கள் பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். 1685ல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தார். உயிருக்கும் நம்பிக்கைக்கும் அஞ்சி அவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். இலண்டனில் பட்டு நெய்து பிழைத்தார்கள். தங்கள் மொழியில் இறைவனை வணங்க ஓர் ஆலயம் கட்டினார்கள். நம்பிக்கைக்காக வீடு வாசலை இழந்த மக்கள் அவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள். ஆங்கிலேயரோடு கலந்தார்கள். பிரெஞ்சு மொழி வழிபாட்டுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. 1819ல் அது மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களின் ஆலயமாயிற்று. 1898ல் ரஷ்யப் பேரரசின் கொடுமைகளிலிருந்து தப்பி வந்த யூதர்கள் அதைத் தங்கள் ஆலயமாக்கிக் கொண்டார்கள். அவர்களும் ஏழைகள். தையல் வேலை செய்து வயிறு கழுவியவர்கள். மார்க்கப் பேணுதலில் யாருக்கும் சளைக்காதவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்தார்கள், உயர்ந்தார்கள், நகரின் வட பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். போன இடத்தில் சிலர் புதிய ஆலயம் கட்டினார்கள். சிலர் ஆலயத்தையே மறந்தார்கள். பிரிக் லேன் ஆலயத்தில் வழிபட ஆள் குறைந்தது. பிறகு அந்தக் கட்டடம் நம் சமுதாயத்தாரின் கைக்கு வந்தது.

கட்டடத்தின் சுவரில் 1743 என்று ஆண்டு பொறித்த சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. மூன்று சமயத்தாரும் அதன் கீழேதான் நடந்து உள்ளே போனார்கள்.

பிரெஞ்சுக்காரர்களை இலண்டனில் யாரும் தடியெடுத்து விரட்டவில்லை. யூதர்களை எந்த நாத்திகரும் மேடையில் வாதிட்டுத் தோற்கடிக்கவில்லை. முதல் தலைமுறை உயிரைக் கொடுத்துக் காத்ததை மூன்றாம் தலைமுறை, சண்டை சச்சரவில்லாமல், சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

கணக்கு சொல்வதென்ன?

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 71.7 சதவிகிதம். 2011ல் 59.3 சதவிகிதம். 2021ல் 46.2 சதவிகிதம். வரலாற்றில் முதல்முறையாகப் பாதிக்கும் கீழே போனது. ‘எனக்கு மதமில்லை’ என்று எழுதியவர்கள் அதே 20 ஆண்டுகளில் 14.8 சதவிகிதத்திலிருந்து 37.2 சதவிகிதமாக உயர்ந்துவிட்டார்கள்.

பெயரளவில் எழுதுவது வேறு, வாசல் மிதிப்பது வேறு. நாட்டின் அதிகாரபூர்வத் திருச்சபையான இங்கிலாந்து திருச்சபைக்கு 2019ல் வாரந்தோறும் சராசரியாக வந்தவர்கள் சுமார் 8 லட்சத்து 54 ஆயிரம் பேர். கொரோனா நோய்க்குப் பின் 2022ல் அது 6 லட்சத்து 54 ஆயிரமாக இறங்கியது. பிறகு சற்று ஏறி 2024ல் ஏறத்தாழ 7 லட்சமாயிற்று. ஐந்தரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் இதுதான் வருகை.

இளைஞர்கள் சர்ச்சுக்குத் திரும்புகிறார்கள் என்று 2025ல் ஓர் அறிக்கை வெளிவந்து பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் நீண்ட காலமாக இந்தத் துறையை ஆராயும் அறிஞர்கள் அதைச் சந்தேகித்தார்கள். வேறு முறையில் எடுக்கப்பட்ட ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

பக்தி மிகுந்த நாடு என்று பெயரெடுத்த அமெரிக்காவைப் பாருங்கள். சர்ச், யூத ஆலயம், பள்ளிவாசல் இவற்றில் ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக இருப்பவர்கள் 1999ல் 70 சதவிகிதம். 2020ல் 47 சதவிகிதம். கேலப் நிறுவனம் 1937 முதல் எடுத்துவரும் கணக்கில் முதன்முறையாகப் பாதிக்குக் கீழே போனது அப்போதுதான். தலைமுறை வாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1946க்கு முன் பிறந்தவர்களில் 66 சதவிகிதத்தினர் உறுப்பினர்கள். அவர்களுக்கு அடுத்து வந்தவர்களில் 58. அதற்கும் அடுத்தவர்களில் 50. 1981க்குப் பின் பிறந்தவர்களில் வெறும் 36. படிக்கட்டில் இறங்குவது போல் தலைமுறை தலைமுறையாக இறங்கியிருக்கிறது.

வாரந்தோறும் அல்லது ஏறக்குறைய வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போகும் அமெரிக்கர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 42 சதவிகிதம். 2021 முதல் 2023 வரையிலான கணக்கில் 30 சதவிகிதம். சமய வாரியாகப் பார்த்தால் மோர்மன் பிரிவினர் 67, புராட்டஸ்டண்டுகள் 44, முஸ்லிம்கள் 38, கத்தோலிக்கர் 33, யூதர் 22, பௌத்தர் 14, இந்துக்கள் 13. முஸ்லிம்களின் வருகை முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் மார்தட்டுவதற்கு முன் ஒரு நொடி கணக்குப் போடுங்கள். 38 பேர் வருகிறார்கள் என்றால் 62 பேர் வரவில்லை. நமக்கு ஜும்ஆ விருப்பத் தொழுகை அல்ல, ஆண்களுக்குக் கட்டாயக் கடமை!

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி கற்றுத்தந்த பாடம்

‘இதெல்லாம் தொலைக்காட்சி வந்த பின் வந்த கேடு, செல்பேசி வந்த பின் வந்த கேடு’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கதை பழையது.

1851 மார்ச் 30ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டிஷ் அரசு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எத்தனை பேர் வழிபாட்டுக்கு வந்தார்கள் என்று ஒவ்வோர் ஆலயத்திலும் கணக்கெடுத்தது. வரக்கூடிய நிலையில் இருந்தும் வராதவர்கள் 52 லட்சத்துக்கும் மேல் என்று அந்தக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஹொரேஸ் மான் அறிவித்தார். நாடே அதிர்ந்தது. இராணி விக்டோரியா காலத்திலேயே நிலைமை இதுதான்.

அப்படியானால் அதற்குப் பிறகும் 100 ஆண்டுகள் கிறிஸ்தவம் அங்கே எப்படி நின்றது? அதில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1780ல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளி புகழ்பெற்று, நாடெங்கும் அது போன்ற பள்ளிகள் பெருகின. வாரம் முழுவதும் வேலை செய்த பிள்ளைகள் விடுமுறை நாளில் எழுத்தும் வேதமும் படித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழைக்கும் மக்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பள்ளிகளைக் கடந்தே வளர்ந்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை அங்கே அனுப்பிய பெற்றோரில் ஏராளமானவர்கள் தாங்கள் சர்ச்சுக்குப் போகாதவர்கள்! ‘நமக்கு நேரமில்லை, பிள்ளையாவது நாலு நல்லதைக் கற்றுக்கொள்ளட்டும்’ என்று அனுப்பினார்கள். பிள்ளையும் போனான். ஆனால் அவன் பள்ளியில் கற்றது ஒன்று, வீட்டில் கண்டது வேறொன்று. சர்ச்சுக்குப் போவது சின்னப் பிள்ளைகள் செய்வது, வளர்ந்த ஆண்பிள்ளை அதை விட்டுவிட வேண்டியது என்று அவன் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டான். பாட்டும் கதையும் மனப்பாடமாகியிருந்தன. பதினான்கு, பதினைந்து வயதில் வேலைக்குப் போகத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிட்டான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பத்துக்கு ஒரு கார் வந்தது. வரவேற்பறைக்குத் தொலைக்காட்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் சுற்றும் நாள் என்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் சரிந்தன. 1994ல் பெரிய கடைகளும் ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம் என்று சட்டமே வந்துவிட்டது. காரும் கடையும் புதியவை. ஆனால் சரிவுக்கான பள்ளத்தை வீட்டுப் பெரியவர்கள் எப்போதோ தோண்டி வைத்திருந்தார்கள்.

வாசகர்களே, இப்போது நம் ஊர் ஓதப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். காலையில் தலையில் தொப்பியும் முக்காடுமாக எவ்வளவு அழகாகப் பிள்ளைகள் வருகிறார்கள்! அவர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்புக்குப் பின்னும் வருகிறார்கள்? டியூஷன் தொடங்கிவிட்டது, பொதுத்தேர்வு வருகிறது, நுழைவுத்தேர்வு வருகிறது என்று எந்த வயதில் நிறுத்துகிறோம்? சுபுஹு தொழுகைக்கு எழாத தந்தை, மகனை மட்டும் ஹஜ்ரத்திடம் அனுப்பி வைத்தால், அந்த மகன் என்ன கற்றுக்கொள்கிறான்? விக்டோரியா காலத்து இங்கிலாந்துப் பிள்ளை கற்றுக்கொண்ட அதே பாடத்தைத்தான்!

நம்பிக்கை இருக்கிறதே, வருகைதானே இல்லை?

‘பள்ளிக்கு வராவிட்டால் என்ன? ஈமான் உள்ளத்தில் இருக்கிறதே!’ என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதே பேச்சு அங்கேயும் இருந்தது. பிரிட்டனின் சமூகவியலாளர் கிரேஸ் டேவி 1994ல் எழுதிய நூலில், மக்கள் சபையில் சேராமலே நம்புகிறார்கள் என்றார். வருகை குறைந்தாலும் நம்பிக்கை மக்களிடம் மிஞ்சியிருக்கிறது என்பது அவர் கணிப்பு. கேட்டவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது.

11 ஆண்டுகள் கழித்து, 2005ல், டேவிட் வோஸ், அலஸ்டேர் கிராக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆறுதலைக் கலைத்தார்கள். வருகை குறைவது போலவே நம்பிக்கையும் தலைமுறைக்குத் தலைமுறை குறைகிறது என்று கணக்கோடு காட்டினார்கள். வளர்ந்த ஒருவர் பாதி வயதில் நம்பிக்கையைத் துறப்பது அவ்வளவாக நடப்பதில்லை. வயதானவர்கள் கடைசிவரை அப்படியே இருந்து இறக்கிறார்கள். அவர்களுடைய இடத்தை நிரப்பப் பிள்ளைகள் வருவதில்லை. தாய், தந்தை இருவரும் மதப்பற்று உள்ளவர்களாக இருந்தால்கூட அது பிள்ளைக்குச் சேர ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்றும், ஒருவர் மட்டும் பற்றுள்ளவர் என்றால் அந்த வாய்ப்பும் பாதியாகக் குறைகிறது என்றும் கண்டார்கள். மதப்பற்று இல்லாத பெற்றோரோ தங்கள் பற்றின்மையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுத்துவிடுகிறார்கள்!

உள்ளத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் நம்பிக்கையைப் பிள்ளையால் பார்க்க முடியாது. பிள்ளை பார்ப்பது தந்தை ஒளூச் செய்வதை. தாய் முஸல்லாவை விரிப்பதை. பார்க்க முடியாததை யாரும் வாரிசுரிமையாகப் பெறுவதில்லை.

மனம் கசந்து போனவர்கள்

சத்தமில்லாமல் போனவர்கள் ஒரு வகை. மனம் கசந்து போனவர்கள் மற்றொரு வகை.

அயர்லாந்து நாட்டில் 1970களின் தொடக்கத்தில் கத்தோலிக்கர்களில் 10க்கு 9 பேர் வாரந்தவறாமல் சர்ச்சுக்குப் போனார்கள். 1979ல் போப் இரண்டாம் ஜான் பால் டப்ளின் நகருக்கு வந்தபோது 10 லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். அந்த மக்களிடம் பிறகு என்ன நடந்தது? துறவியர் நடத்திய விடுதிகளில் ஏழைக் குழந்தைகள் பல்லாண்டுகள் சிதைக்கப்பட்டதையும், குற்றம் செய்த பாதிரிமார்களைத் திருச்சபைத் தலைமை மூடி மறைத்ததையும் 2009ல் வெளியான ரையன் அறிக்கையும் மர்ஃபி அறிக்கையும் அம்பலப்படுத்தின. 2016ல் 79 சதவிகிதமாக இருந்த கத்தோலிக்கர் 2022ல் 69 சதவிகிதமாக இறங்கினர். ஆறே ஆண்டுகளில்! மார்க்கத்தின் மானத்தைக் காப்பதாக நினைத்துக் குற்றவாளியைக் காத்தார்கள். மார்க்கத்தின் மீதிருந்த மதிப்பையே இழந்தார்கள்.

அமெரிக்காவில் வேறொரு கசப்பு. ராபர்ட் புட்னம், டேவிட் கேம்ப்பெல் என்ற பேராசிரியர்கள் 2010ல் வெளியிட்ட நூலில், மதம் ஒரு கட்சியின் கொடியோடு ஒட்டிக்கொண்டதைக் கண்டே இளைஞர்கள் பலர் மதத்தை விட்டு விலகினார்கள் என்று காட்டினார்கள். அவர்களுக்கு இறைவனோடு பகையில்லை. பிரசங்க மேடையிலிருந்து வந்த அரசியலோடுதான் பகை.

இதைக் கேட்டு ‘அது கிறிஸ்தவர்களின் பிரச்சினை’ என்று சொல்லிவிட முடியுமா? ஈரானில் அரசும் மார்க்கத் தலைமையும் ஒன்றே. அங்குள்ள 75 ஆயிரம் பள்ளிவாசல்களில் 50 ஆயிரம் பள்ளிவாசல்கள் தொழ ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதாக 2023ல் அந்நாட்டின் மூத்த ஆலிம் ஒருவரே வேதனையோடு சொன்னார். அவர் அரசின் எதிரியல்ல. அரசுக்கும் மார்க்கக் கல்விக்கூடங்களுக்கும் இடையே தொடர்பாளராக இருந்தவர். ஆட்சி மீதான கோபம் அங்கே இறை இல்லத்தின் மீது இறங்கிவிட்டது.

நாம் விதிவிலக்கா?

‘பிரிட்டனில் சர்ச்சுகள் காலி, பள்ளிவாசல்கள் நிரம்பி வழிகின்றனவே?’ என்று கேட்பீர்கள். நிரம்பி வழிவது உண்மை. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸில் முஸ்லிம்கள் 6.5 சதவிகிதம், சுமார் 39 லட்சம் பேர். ஆனால் ஒரு விவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே கிறிஸ்தவர்களின் நடுத்தர வயது 51. முஸ்லிம்களின் நடுத்தர வயது 27. அதாவது அவர்கள் வயதான சமுதாயம், நாம் இளைய சமுதாயம். இளமையை இறையச்சம் என்று தவறாகக் கணக்கிட்டுவிடக் கூடாது.

இலண்டனில் நிரம்பி வழியும் சர்ச்சுகளும் இருக்கின்றன. நைஜீரியாவிலிருந்து போனவர்கள் நடத்தும் சபைகள், போலந்துக்காரர்களும் கேரளத்தவர்களும் திரளும் கத்தோலிக்க ஆலயங்கள். அந்நிய மண்ணில் முதல் தலைமுறைக்கு வழிபாட்டுத்தலம்தான் ஊர், உறவு எல்லாம். சொந்த மொழியைக் காதால் கேட்க அங்கே வருவார்கள். பேரப்பிள்ளைக்கு அந்தத் தேவை இருக்காது. பிரிக் லேன் சுவர் சொல்வது அதைத்தானே?

நல்ல செய்தியும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட ஆய்வின்படி பிரிட்டனில் மற்ற சமுதாயங்களைவிட முஸ்லிம் குடும்பங்களே மார்க்கத்தைப் பிள்ளைகளிடம் கூடுதலாகக் கொண்டு சேர்க்கின்றன. அன்றாடம் ஓதக் கற்பிப்பதும், வீட்டில் தொழுகையும் நோன்பும் கண்ணெதிரே நடப்பதும் காரணம் என்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அமெரிக்காவில் முஸ்லிமாக வளர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்று தம்மை முஸ்லிம் என்று சொல்லிக் கொள்வதில்லை என்று பியூ ஆய்வு மையம் கூறியது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவுகிறவர்கள் ஏறத்தாழ அதே அளவில் வருவதால் எண்ணிக்கையில் இழப்பு தெரிவதில்லை. வருகிறவர்களை மேடையேற்றிப் பாராட்டுகிறோம். போனவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

அரபு நாடுகளும் இதற்கு விலக்கல்ல. ‘நான் மதப்பற்று இல்லாதவன்’ என்று சொன்னவர்கள் அங்கே 2013ல் 8 சதவிகிதம், 2018-19ல் 13 சதவிகிதம் என்று அரபு பாரோமீட்டர் ஆய்வு கூறியது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் அது 18 சதவிகிதம். 2021-22ல் அதே அமைப்பு எடுத்த அடுத்த ஆய்வில், பல நாடுகளில் இளைஞர்கள் மீண்டும் மார்க்கத்தின் பக்கம் திரும்பியிருந்தார்கள். இறங்கியது ஏறவும் கூடும் என்பதற்கு இது சான்று. எதுவும் விதியில்லை. ஆனால் எதுவும் தானாக நடப்பதுமில்லை.

அமெரிக்க யூதர்களிடம் இரண்டையும் ஒருசேரக் காணலாம். 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி 30 வயதுக்குட்பட்ட யூதர்களில் 10க்கு 4 பேர், பிறப்பால் யூதர், மதத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். அதே வயதினரில் 17 சதவிகிதம் பேர் வைதீகப் பிரிவினர். 65 வயதைத் தாண்டியவர்களில் அந்தப் பிரிவினர் 3 சதவிகிதமே! ஒரே சமுதாயம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கரைகிறது, ஒரு பாதி இறுகுகிறது. நடுவில் நின்ற மக்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நம் வருங்காலமும் இப்படி ஆக வேண்டுமா?

தந்தையர் எங்கே?

அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சன் என்ற அறிஞர் 1970 முதல் 35 ஆண்டுகள், 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தார். முடிவுகளை 2013ல் நூலாக வெளியிட்டார். எந்த வீட்டில் மார்க்கம் பிள்ளைகளுக்குச் சேர்கிறது? கண்டிப்பான வீட்டில் என்றுதான் நாம் நினைப்போம். அவர் கண்டது வேறு. தந்தை எவ்வளவு பக்திமானாக இருந்தாலும், பிள்ளையிடம் பாசமும் நெருக்கமும் இல்லையென்றால் மார்க்கம் சேரவில்லை. நெருக்கமான தந்தையின் மார்க்கமே பிள்ளைக்கு இனித்தது. பாட்டன், பாட்டியின் பங்கும் பெரிது என்று கண்டார்.

இதை நம்மவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் தந்தை வளைகுடாவில் இருக்கிறார்! இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, 40 நாள் விடுப்பில் வருகிறார். மற்ற நாட்களில் அவர் ஒரு செல்பேசிக் குரல். ‘தொழுதியா? ஓதினியா?’ என்று அந்தக் குரல் விசாரிக்கிறது. ‘ஆமா வாப்பா’ என்று மகன் சொல்லிவிடுகிறான். குடும்பத்துக்காகப் பாலைவனத்தில் வேகும் அந்தத் தந்தையை நாம் குறை சொல்லவில்லை. அவர் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார் என்றுதான் ஜமாஅத்தைக் கேட்கிறோம். தாய்க்குப் பள்ளிவாசலில் இடமில்லை. தந்தை ஊரில் இல்லை. பாட்டனார் முன் வரிசையில் நிற்கிறார், பேரன் பின்னால் சத்தம் போட்டால் அதட்டி விரட்டுகிறார். அந்தப் பேரன் 20 வயதில் பள்ளிவாசலுக்கு வரவில்லை என்று பிறகு யாரிடம் புகார் சொல்வது?

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஜும்ஆ உரை பிள்ளைக்குப் புரியும் மொழியில், அவன் வாழும் வாழ்க்கையைப் பற்றி இருக்கட்டும். கேள்வி கேட்கும் இளைஞனை ‘வழிகெட்டவன்’ என்று ஒதுக்காமல், பதில் தெரிந்த ஆலிமோடு மாதம் ஒரு நாள் உட்கார வையுங்கள். தொப்பிக்கும் விரலசைப்புக்கும் நடந்த சண்டைகளில் எத்தனை இளைஞர்களைப் பள்ளிவாசல் படியிறக்கி அனுப்பினோம் என்று இரு தரப்பும் எண்ணிப் பார்க்கட்டும். பள்ளிவாசல் வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் பலகையில் எழுதப்படட்டும். தவறு செய்தவர் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும் மூடி மறைக்காதிருங்கள், அயர்லாந்தை நினைவில் வையுங்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பள்ளிவாசலில் இடம் கொடுங்கள். மிம்பரைத் தேர்தல் மேடையாக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தந்தையே, உங்கள் மகனை அனுப்பாதீர்கள். அழைத்துக்கொண்டு போங்கள்!

நபி யஃகூப் (அலை) அவர்கள் மரண வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து என்ன கேட்டார்கள்? நிலபுலன்களைப் பற்றியா, தொழிலைப் பற்றியா? தமக்குப் பின் யாரை வணங்குவார்கள் என்றல்லவா கேட்டார்கள்! ஒரு நபியே தம் பிள்ளைகள் விஷயத்தில் அதைத் தானாக நடக்கும் என்று விட்டுவிடவில்லை. நாம் மட்டும் எந்தத் துணிச்சலில் விட்டுவிடுகிறோம்?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஸலாம் கொடுத்ததும், ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். முன் வரிசைகளை அல்ல, பின் வரிசைகளை. 15 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். உங்கள் தெருவில் அந்த வயதினர் எத்தனை பேர் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் நம் பள்ளிவாசலின் வருங்காலம்.

அடுத்தவர் ஆலயத்தின் காலி இருக்கைகளை எண்ணியது போதும். நம் காலி வரிசைகளை எண்ணத் தொடங்குவோம். அவற்றை நிரப்பும் வழியை வல்ல இறைவன் நமக்கு எளிதாக்குவானாக!